ஊமை கதைத்த வியாழக்கிழமை

ஓடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழேகால். பின்னால், மூதூர்த் துறைப் பக்கம், முதலில் ‘டும்’. பிறகு தலைக்கு மேலே சீலை கிழிபடுகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகுதான் வெடி. எண்ணிக்கொண்டே ஓடுகிறேன். முதல் சத்தத்துக்கும் வெடிக்கும் இடையில் ஒன்பது எண்ணலாம். என் இடுப்பில் மகள். இரண்டு வயது. முன்னால் என் கணவர் யோகநாதன். ஒரு காலில் மட்டும் செருப்பு.

வீடு எரிந்துவிட்டது. அலுமாரிக்குள் இருந்த அடையாள அட்டைகளும் எரிந்துவிட்டன. எனக்கு அதில் பயமில்லை. நான் மூதூரில் பிறந்தவள். வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று எவருக்கும் விளங்கும். இவர் யாழ்ப்பாணம். படகு என்ஜின் திருத்த வந்து, என்னைக் கட்டி, எட்டு வருஷம் எங்களோடு இருந்தவர். எல்லாம் மாறியது. கதை மட்டும், அந்த யாழ்ப்பாணப் பேச்சு மட்டும், மாறவில்லை.

அந்தக் கதையால் எத்தனை கரைச்சல்! கலியாணம் பேசும்போது என் அண்ணன்மார், “கதைக்கிற கதையே மேலயிருந்து வருது, இவன் எங்கள மதிப்பானா?” என்றார்கள். கடற்கரையில் அவர் கூலி சொன்னால்கூட அதட்டுகிறார் என்று நினைத்தார்கள். பாவம், பூனைக்கும் ‘வாங்கோ’ சொல்லுகிற மனிசன். அவரும் என்னை விட்டுவைக்கவில்லை. ‘என்னகா, ஏதுகா’ என்று என்னைப் போலவே இழுத்துக் காட்டிச் சிரிப்பார். வீட்டுக்குள் அது பகிடி. சண்டை தொடங்கிய பிறகு பகிடி இல்லை. துறையில் ஆமிக்காரர் அவரை இரண்டு தரம் மறித்து வைத்தார்கள். அட்டையில் ஒரு குறையும் இல்லை. யாழ்ப்பாணக் கதை என்றால் ஆயுதம் தூக்கிய இயக்கத்து ஆள். அவ்வளவுதான் அவர்கள் கண்ட நியாயம்.

ஓடுகிற ஓட்டத்தில் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“இனி வாயத் திறக்காதீங்க! ஆர் கேட்டாலும் ஊமை!”

என்னைப் பார்த்தார். தலையாட்டினார்.

தோப்பூர் போகிற வழியில், உள்ளே தள்ளி, ஒரு மாதா கோயில். சனம் நிறைந்து கிடந்தது. எங்களை அறிந்தவர் ஒருவரும் இல்லை. நாங்கள் வேதக்காரர் இல்லை. அதையும் ஒருவரும் கேட்கவில்லை. சவிரியம்மா என்ற மீன்காரி தன் பாயில் பாதியைத் தந்தாள். கஞ்சியிலும் பாதி. இவரைப் பார்த்துப் பார்த்து உருகினாள். இவ்வளவு வடிவான மனிசனுக்குக் கடவுள் வாயைக் கொடுக்காமல் விட்டாரே என்று. ஒவ்வொரு பின்னேரமும் இவருடைய நாக்குக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினாள். தீர்த்தம் கொண்டுவந்து உதட்டில் தடவினாள். இவர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயம் விடவில்லை.

ஆள் இல்லாத இடத்திலும் அவர் கதைக்கவில்லை. மகள் உதட்டைப் பிடித்து இழுப்பாள். அப்பா கதை, அப்பா கதை என்று அழுவாள். மடியில் வைத்து ஆட்டுவார். ஒரு சத்தமும் வராது. நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை. காலை பத்தேகால். வெள்ளைத் துணி பிடித்து நடக்கிறோம். நாற்பத்துமூன்று பேர். றோட்டில் ஆமியின் சோதனைச்சாவடி. அட்டை இல்லாதவர்கள் தனி வரிசை. கதிரை போட்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். தமிழ் நன்றாகத் தெரிந்தவன். பெயரும் ஊரும் சொல்லச் சொல்கிறான். கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறான். முகத்தைப் பார்ப்பதே இல்லை. எங்கள் முறை வருகிறது. பிறவி ஊமை என்கிறேன். பின்னால் நின்ற சவிரியம்மா மாதாமேல் சத்தியம் செய்கிறாள். கதிரைக்காரன் கையைக் காட்டுகிறான். போகலாம்.

போனோம். நாற்பது அடி இருக்கும்.

‘டும்’.

சனம் விறைத்து நிற்கிறது. பிள்ளைகள் நாலு பக்கமும் ஓடுகின்றன. நான் எண்ணத் தொடங்குகிறேன். ஒன்று. இரண்டு.

“விழுந்து படுங்கோ! பிள்ளையளை அமத்திப் பிடியுங்கோ! எழும்பாதேங்கோ!”

விழுந்தோம். மூன்று செல் வெடித்தன. மண் கொட்டியது. சைக்கிளை விடாமல் நின்ற ஒரு மனிசனும் அவர் மகளும் எழும்பவில்லை. மற்ற எல்லாரும் எழும்பினோம்.

முதலில் எழும்பியவள் சவிரியம்மா. முழங்காலில் நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினாள்.

“மாதாவே! ஊமை கதைச்சிட்டார்! எல்லாரும் பாருங்க, ஊமை கதைச்சிட்டார்!”

ஓடிவந்து இவருடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். சனம் சிலுவை போட்டது. அவளுடைய காதில் விழுந்தது மாதா செய்த புதுமை. றோட்டோரக் கானுக்குள் கிடந்து எழும்பிய கதிரைக்காரனின் காதில் விழுந்தது யாழ்ப்பாணம்.

“ஊமை! இங்க வா! இன்னொருக்காக் கதை!”

இவர் என்னைப் பார்த்தார். கதைக்கலாமா என்று கேட்கிற பார்வை. கதைத்தால் தப்புவாரா, கதைக்காவிட்டால் தப்புவாரா, எனக்குத் தெரியவில்லை. ஓம் என்றும் காட்டவில்லை, வேண்டாம் என்றும் காட்டவில்லை. அவர் வாயைத் திறக்காமலே நடந்து போனார். ஜீப்பில் ஏற்றினார்கள். பத்து நாற்பது. அது மாதாவின் புதுமை ஐயா, புதுமை ஐயா என்று சவிரியம்மா ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள். அவளை நான் ஏசவில்லை. பொய். மனதுக்குள் இன்றைக்கும் ஏசுகிறேன். ஏசி முடிய அழுகிறேன்.

இருபது வருஷமாகத் தேடுகிறேன். திருகோணமலையில் அரசாங்கக் கந்தோர்களில், யாழ்ப்பாணத்தார் என்றால் அங்கே போய்க் கேளுங்கள் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் என் மூதூர்க் கதையைக் கேட்டதும், கிழக்கில் காணாமல் போனவரை அங்கேதான் கேட்க வேண்டும் என்கிறார்கள். 

கேட்க வந்த நீங்களாவது எழுதிவையுங்கள். வீடு ஒன்று. என்ஜின் சாமான் பெட்டி ஒன்று. செத்தவர்கள் இரண்டு பேர். அவருடைய குரலைக் கேட்டு விழுந்து பிழைத்தவர்கள் நாற்பது பேர். அதில் பிள்ளைகள் பதினான்கு. கொண்டுபோனது ஒருவரை. எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. அப்பாவின் குரல் மகளுக்கு ஞாபகமில்லை. கடைசியாக அவர் என்னோடு இருந்த நாள் ஐந்து. அந்த ஐந்து நாளும் அவர் கதைக்காமல் செய்தவள் நான்.