பால்டின்னில் ஒரு மீன்பேன்

"மச்சான், பேனுக்கும் டிக்கெட் எடுத்தீங்களா?"

சுதந்திரம் பெற்றபின் வந்த முதல் தைப்பூசக் காலம். காஜா பேராங்கில் கிளேபாங் கடற்கரைக்குப் போகும் பேருந்தில் ஏறி அமர்ந்ததும் என் செவியில் விழுந்த கேள்வி இது. கேட்டவர் முன்னிருக்கை இளைஞர். அவர் அருகே, காவடி விரதத்து மஞ்சள் வேட்டியில் இருந்தவர், மடியிலிருந்த பால்டின்னை இரு கைகளாலும் பற்றியிருந்தார்.

"சிரிக்காதே மாப்ள. நம்ம கண்ணாடித் தொட்டியில இருக்கிற கடல்மீனோட செவுள்ல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிச்சது இது. பாவம், மீன் பவளக் கல்லுக்குப் பின்னாலயே கிடந்துச்சு."

"எப்படி எடுத்தீங்க?"

"மீனைக் கொஞ்ச நேரம் நல்ல தண்ணியில விட்டேன். உப்பு இல்லாம பேனால தாங்க முடியல. தானா கழண்டுச்சு. உடனே இந்த டின்னுல கடல்தண்ணி ஊத்தி எடுத்துப் போட்டேன்."

"மீன் தாங்குச்சா?"

"துடிச்சுப் போச்சு. நானும்தான். தொட்டியில திரும்ப விட்டதும் இரை எடுத்துச்சு."

"அப்ப பேனை நசுக்கியிருக்கலாமே?"

"காவடி எடுக்கப் போறவன் உயிரைக் கொல்லலாமா?"

"கடல்ல விட்டா வேற மீனைப் பிடிக்குமே மச்சான்!"

அவர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பிடிக்கும்," என்றார்.

"பூசம் முடிஞ்சு இது வந்திருந்தா?"

"நசுக்கியிருப்பேன்."

"கொடுத்து வச்ச பேன்!"

கிளேபாங்கில் இருவரும் இறங்கினர். கேலி செய்த இளைஞரே டின்னை வாங்கிக்கொண்டு, நீர் தளும்பாமல், அலையை நோக்கி மெல்ல நடந்தார்.