டெப்பரின் வெள்ளைக் கால்

ரான்யார்டு: ‘…1827-ஆம் ஆண்டு செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே, சஃபோக் மாவட்டம் வென்ஃபீல்டு கிராமத்தில், விதவையும் குத்தகை விவசாயியுமான கெசியா கோல்டிங் என்பவரின் மேல்வயலில் நின்றிருந்த, டெப்பர் என்னும் ஏழு வயதுப் பெட்டைக் குதிரை காணாமற்போயிற்று. நிறம் செம்பழுப்பு. நெற்றியில் வெண்பொட்டு. இடது பின்னங்காலில் கணுக்கால்வரை வெள்ளை. வயலின் கதவு தாழிடப்பட்டிருந்தது. அக்டோபர் 6 அன்று அக்குதிரை, குதிரை வியாபாரி ஜேபஸ் ரூஸ் என்பவரின் லாயத்தில் காணப்பட்டது.’ இன்னைக்கு ஒம்பதாம் தேதி. இதுதானே உங்க புகார், கோல்டிங்கம்மா?

கெசியா: இதுதான், மாஜிஸ்திரேட் துரை.

ரான்யார்டு: ரூஸு, நீ என்ன சொல்றே?

ரூஸ்: நல்லா எழுதியிருக்கு, துரை. கேக்கவே சுகமா இருந்துச்சு. ஆனா அம்மணி ஒரு கையால ஒண்ணு எழுதுறாங்க, இன்னொரு கையால வேற ஒண்ணு எழுதுறாங்க.

கெசியா: என்னடா உளர்றே?

ரூஸ்: ஊர் பூரா ஒட்டுனீங்களே, காணவில்லைன்னு நோட்டீஸ்! சத்திரத்துச் சுவத்துல இருந்து பதமா உரிச்சுக் கொண்டாந்திருக்கேன். துரை, நீங்களே படிங்க. கீழேருந்து மூணாவது வரி.

ரான்யார்டு: ‘…நெற்றியில் வெண்பொட்டு. வலது பின்னங்காலில்…’ வலது?

கெசியா: வலதா! இப்படிக் குடுங்க…

ரூஸ்: எழுத்து மட்டும் இல்ல. மேல படமே போட்டிருக்கு. குதிரை, வேலி, ஏரு, எல்லாம் அச்சடிச்சிருக்கு. படத்துலயும் வெள்ளை வலது கால்லதான். இப்போ ஜன்னல் வழியா முற்றத்தைப் பாருங்க, துரை. என் குதிரைக்கு எந்தக் கால் வெள்ளை?

ரான்யார்டு: இடது.

ரூஸ்: இடது! அப்போ நான் போய் அதுக்குத் தண்ணி காட்டட்டுமா?

கெசியா: நில்லுடா! துரை, நான் அச்சுக்காரன்கிட்ட ‘ஒரு பின்னங்கால் வெள்ளை’ன்னு மட்டும்தான் சொன்னேன். எந்தப் பக்கம்னு படத்தைப் பாத்துப் போட்டுக்கச் சொன்னேன். படம் இடதுதான்… படத்துல இடதுதான் இருந்துச்சு…

ரான்யார்டு: அச்சானதும் நீங்க பாக்கலையா?

கெசியா: எங்க பாத்தேன்? வண்டிக்காரன் நேரா எடுத்துட்டுப்போய் ஒட்டிட்டான். நான் பதினோரு நாளா டெப்பரைத் தேடி சதுப்பு பூரா அலைஞ்சுக்கிட்டிருந்தேன்.

ரூஸ்: பாவம். வலது கால் வெள்ளைக் குதிரை இன்னும் அங்கேதான் எங்கியாவது நிக்கும். போய்த் தேடுங்க.

கெசியா: அதை உள்ளே கூப்பிடுங்க, துரை! என் குரல் கேட்டா ஓடி வரும்!

ரான்யார்டு: காலையில எங்க சமையல்காரி கையில கேரட்டைப் பாத்து அடுப்படிவரைக்கும் ஓடி வந்துச்சு. அதுக்காக அவளுக்குக் குடுத்துட முடியுமா?

ரூஸ்: அப்படிக் கேளுங்க!

ரான்யார்டு: நீ வாயை மூடு. அம்மா, நான் என்ன செய்யட்டும்? உங்க பக்கம் ரெண்டு பேர் பைபிள்ல கை வெச்சு இது டெப்பர்னு சொல்லிட்டாங்க. இவன் பக்கம் மூணு பேர் கை வெச்சு, போன மாசச் சந்தையில இவன் வாங்கினதுன்னு சொல்லிட்டாங்க. இனி அடையாளம் ஒண்ணுதான் பாக்கி. அதுவும் உங்க நோட்டீஸே உங்களுக்கு எதிரா நிக்குது.

கெசியா: துரை, இன்னும் பத்து நாள்ல கோதுமை விதைக்கணும். மேல்வயல் பன்னெண்டு ஏக்கர் கிடக்கு. இருக்குற இன்னொரு குதிரை கால் வீங்கிப் படுத்திருக்கு. டெப்பர் இல்லேன்னா உழவு இல்ல. உழவு இல்லேன்னா, அடுத்த வருஷம் குத்தகை கட்டுற மைக்கேல் திருநாளுக்கு அந்த நிலத்துல நான் இருக்க மாட்டேன்.

ரான்யார்டு: தெரியுதும்மா. சரி… இந்தப் படத்தை வரைஞ்சது யாரு? அச்சுக்காரனா?

கெசியா: இல்ல, அச்சுக்கு மரக்கட்டையில செதுக்கினதுதான் அவன். வண்ணத்துல வரைஞ்ச படம் ஒண்ணு இருந்துச்சு. அதைக் குடுத்தேன்.

ரான்யார்டு: யாரு வரைஞ்சது?

கெசியா: ஒரு ஓவியரு. வழிப்போக்கா வந்தாரு… வரைஞ்சாரு… போயிட்டாரு.

ரான்யார்டு: எங்கே?

கெசியா: தெக்கே.

ரூஸ்: தெக்கேன்னா பிரான்ஸ்வரைக்கும் தெக்கேதான்!

ரான்யார்டு: அந்த வண்ணப் படம் எங்கே இப்போ?

கெசியா: அச்சுக்காரன் வேலையை முடிச்சுட்டு அதுல சீஸ் மடிச்சுக் குடுத்துட்டானாம், துரை. கேட்டப்போ சாதாரணமா சொல்றான்.

ரூஸ்: நல்ல வேலை செஞ்சான்! அந்தப் படத்துக்கு அதுதான் மரியாதை. பாருங்களேன், குதிரை வயிறு! சைடர் பீப்பாயைக் கவுத்துப் போட்ட மாதிரி!

கெசியா: அது சினைக்கு விட்ட குதிரை. வயிறு அப்படித்தான் இருக்கும்.

ரூஸ்: மரமா இது? கிண்டாம விட்ட கஞ்சி.

கெசியா: காத்துல ஆடுற எல்ம் மரம்டா அது! நீ என்னைக்காவது தலையைத் தூக்கி மரத்தைப் பாத்திருக்கியா? குதிரைப் பல்லைத் தவிர வேற எதைப் பாத்தே?

ரான்யார்டு: ரெண்டு பேரும் நிறுத்துறீங்களா?

ரூஸ்: இல்ல துரை, இந்த அம்மணி அந்த ஆளுக்கு ஏன் இப்படி வக்காலத்து வாங்குறாங்கன்னுதான் பாக்குறேன். பட்டணத்துப் பய, வயல்ல கால் வெச்சிருக்க மாட்டான். இவன் படத்தை நம்பி வழக்கு வேற! இந்த ஏரைப் பாருங்க… இந்த ஏரைப் பாருங்க, துரை!

ரான்யார்டு: ஏருக்கு என்ன?

ரூஸ்: மண் புரட்டுற பலகை இடப்பக்கம் இருக்கு! இந்தச் சீமையில எந்த ஏரு இடப்பக்கம் மண்ணைத் தள்ளும்? எங்கப்பன் காலத்து ஏரு, பாட்டன் காலத்து ஏரு, எல்லாம் வலப்பக்கம்தான். ஏருக்கு வலது எது இடது எதுன்னு தெரியாத கிறுக்கன் வரைஞ்ச படம் இது!

ரான்யார்டு: இரு, இரு.

ரூஸ்: என்ன துரை?

ரான்யார்டு: இன்னொரு தரம் சொல்லு.

ரூஸ்: கிறுக்கன்னு…

ரான்யார்டு: அது இல்ல. ஏரு.

ரூஸ்: பலகை இடப்பக்கம் இருக்குன்னேன். அப்படி ஒரு ஏரு உலகத்துலயே இல்லேன்னு சத்தியம் பண்றேன்.

ரான்யார்டு: பண்ணிட்டே. பைபிள் முன்னாடியே பண்ணிட்டே. அந்தக் காயிதத்தைக் குடு!

ரூஸ்: எதுக்கு?

ரான்யார்டு: குடுய்யா! கோல்டிங்கம்மா, எந்திரிங்க. இங்க வாங்க, குளிர்காயற அடுப்பு மேல இருக்குற கண்ணாடிகிட்ட. நான் நோட்டீஸை அதுக்கு நேரா காட்டுறேன்… இப்போ கண்ணாடிக்குள்ள பாருங்க. ஏரு எப்படி இருக்கு?

கெசியா: பலகை… வலப்பக்கம் வந்துடுச்சு!

ரான்யார்டு: வெள்ளைக் கால்?

கெசியா: இடது! இடது, துரை! இடது! டெப்பரேதான்! வேலி மேட்டுல நிக்குது, எல்ம் மரம் இந்தப் பக்கம், அப்படியே என் மேல்வயல்!

ரூஸ்: இது என்ன கண்கட்டு வித்தை?

ரான்யார்டு: வித்தையும் இல்ல, மாயமும் இல்ல. போன வருஷம் என் மக மரக்கட்டையில எங்க வீட்டைச் செதுக்கினா. கண்ணால பாத்தபடியே செதுக்கிட்டா. அச்செடுத்துப் பாத்தா, தெக்கே இருக்கற சர்ச் வடக்கே வந்து நிக்குது! வீடே சிரிச்சுது. கட்டையில மாத்திச் செதுக்கினாதான் காயிதத்துல நேரா விழும். உங்க அச்சுக்காரனும் அதே தப்பைப் பண்ணிட்டு, தான் அடிச்ச படத்தைப் பாத்தே ‘வலது’ன்னு எழுத்தும் கோத்துட்டான்.

ரூஸ்: ஓவியன்தான் தப்பா வரைஞ்சிருப்பான், துரை…

ரான்யார்டு: குதிரை, மரம், ஏரு எல்லாத்தையும் தப்பா வரைஞ்சு, கண்ணாடியில மட்டும் எல்லாம் ஒண்ணுபோல சரியா வருமா? ஏரு சாட்சி சொல்லிடுச்சு, ரூஸு. அந்த ஏருக்கு வாயைத் திறந்து விட்டவனே நீதான்.

கெசியா: நாளைக்கே ஏர் கட்டிடுவேன்! நான் போய் அதை அவுத்துக்கிட்டு…

ரான்யார்டு: உக்காருங்கம்மா. இன்னும் முடியல.

கெசியா: என்ன முடியல? குதிரைதான் கிடைச்சிடுச்சே!

ரான்யார்டு: உங்களுக்குக் குதிரை கிடைச்சுது. சட்டத்துக்கு ஆள் கிடைக்கணும். ரூஸு, குதிரைத் திருட்டுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?

ரூஸ்: துரை… நான் திருடல!

ரான்யார்டு: சந்தையில வாங்கினேன்னியே. யாருகிட்ட?

ரூஸ்: யாருகிட்டயும் வாங்கல… அந்த மூணு பேரும் என் மச்சானுங்க. நான் சொல்லிக் குடுத்ததைச் சொன்னாங்க. அன்னைக்கு சாயங்காலம் நாலு ரோட்டு முக்குல வந்துக்கிட்டிருந்தேன், துரை. சரியான மழை. இது தனியா நின்னு வேலியில பிளாக்பெர்ரி மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. கயிறு இல்ல, ஆளு இல்ல. கூட்டிட்டு வந்தேன். அவ்வளவுதான்!

ரான்யார்டு: நோட்டீஸைப் பாத்தப்புறமும் திருப்பிக் குடுக்கல.

ரூஸ்: அதுலதான் வலதுன்னு போட்டிருந்துச்சே! நான் குனிஞ்சு காலைப் பாத்தேன், இது இடது. சரி, அப்போ இது அம்மணியோடது இல்லேன்னு…

ரான்யார்டு: நிம்மதியா தூங்கினே.

ரூஸ்: …தூங்கினேன், துரை.

கெசியா: வெட்கமா இல்ல உனக்கு?

ரூஸ்: இருக்கு அம்மணி. ஆனா வெட்கத்துக்குத் தூக்குல போட மாட்டாங்களே!

ரான்யார்டு: புகார்ல என்ன எழுதியிருக்கு? ‘வயலின் கதவு தாழிடப்பட்டிருந்தது.’ அந்தத் தாழ் இரும்புக் கொக்கி. குதிரை மூக்கால தூக்க முடியாது. அப்போ யாரோ ஒருத்தன் கதவைத் திறந்திருக்கான். குதிரையை வெச்சிருந்தவன் நீ. பொய்ச் சாட்சி கொண்டுவந்தவனும் நீ. நான் பெரிய கோர்ட்டுக்கு அனுப்பினா, அங்கே ஜூரிங்க பன்னெண்டு பேரு சாப்பாட்டு மணிக்குள்ள முடிவு சொல்லிடுவாங்க.

ரூஸ்: அந்த வயல் பக்கமே நான் போகல! அம்மணி… நீங்களே சொல்லுங்க, அம்மணி! நான் வாய்க்கொழுப்பு பிடிச்சவன்தான், உங்க படத்தைக் கஞ்சின்னேன், பீப்பாய்ன்னேன்… ஆனா கதவை நான் தொடல!

ரான்யார்டு: அம்மாவைக் கெஞ்சாதே. அவங்க எழுதிக் குடுத்ததுதான் இது. கோல்டிங்கம்மா, இதுக்கு நீங்க சத்தியம் பண்ணி ஒப்பம் போட்டா இவனை வண்டியில ஏத்திடுவேன். கதவு தாழ் போட்டிருந்துச்சா?

கெசியா: அந்த வரியை இன்னொரு தரம் படிங்க, துரை.

ரான்யார்டு: ஒரு வார்த்தைதான். ஆமாவா, இல்லையா?

கெசியா: அந்த வரியை அடிச்சுடுங்க, துரை.

ரான்யார்டு: எதை?

கெசியா: கதவு வரியை. கதவு திறந்துதான் இருந்துச்சு. திறந்தது நான்.

ரூஸ்: ஆண்டவரே!

ரான்யார்டு: எதுக்குத் திறந்தீங்க?

கெசியா: திறந்தேன்… மூட மறந்துட்டேன். அது போதாதா?

ரூஸ்: போதும், துரை! தாராளமா போதும்!

ரான்யார்டு: சும்மா இரு! மறந்தவங்க மறந்தேன்னு எழுதியிருக்கலாமே? ஏன் தாழ் போட்டேன்னு எழுதினீங்க? சரி… முதல்ல முடிவை எழுதிடுறேன். கேட்டுக்குங்க. ‘குதிரை டெப்பர், கெசியா கோல்டிங்குக்கு உரியது என்று காணப்பட்டு இன்றே அவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. திருட்டு நடக்கவில்லை; குதிரை திறந்திருந்த கதவு வழியே தானே வெளியேறியது. ஆகவே ஜேபஸ் ரூஸ் விடுவிக்கப்படுகிறார். கண்டெடுத்ததை மறைத்தமைக்காக, அவர் தம்முடைய இரு குதிரைகளுடன் நாளை முதல் பத்து நாட்கள் மேல்வயலை உழுதுகொடுக்க ஒப்புக்கொள்கிறார்.’ ஒப்புக்கறியா?

ரூஸ்: பதினஞ்சு நாள்னு போடுங்க, துரை!

ரான்யார்டு: பத்து போதும். பொய் சொன்ன மூணு மச்சானையும் நாளைக்கு இங்க அனுப்பு. அவங்க கணக்கு தனி. இப்போ ஒரே ஒரு இடம் காலியா இருக்கு. ‘உரிமையாளர் கதவைத் திறந்த காரணம்…’ என்ன போடட்டும், கோல்டிங்கம்மா? காரணம் இல்லாத தீர்ப்புல நான் முத்திரை வைக்க மாட்டேன்.

கெசியா: இவன் வெளிய போகட்டும்.

ரான்யார்டு: போக முடியாது. அவனும் ஒப்பம் போடணும்.

கெசியா: சரி, கேட்டுத் தொலையட்டும். எழுதிக்குங்க. கதவோட சட்டம் குறுக்கே விழுந்து அந்த வெள்ளைக் கால் சரியா தெரியல, அதனால திறந்தேன். பச்சை வண்ணம் காயறதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. காயிதத்தைப் பாவாடைக்குள்ள சுருட்டிக்கிட்டு வீட்டுக்கு ஓடினேன்… குதிரை ஞாபகமே வரல. உழவைப் போட்டுட்டு விதவை படம் போடுறாளான்னு ஊரு சிரிக்கும்னுதான் தாழ் போட்டேன்னு எழுதினேன். வழிப்போக்கா எந்த ஓவியரும் வரல, துரை.