மூன்று நாள் வேலை

எத்தனை நாள் ஆகும் என்று கேட்காத வீட்டுக்காரரை என் இருபத்திரண்டு வருடத் தொழிலில் நான் பார்த்ததே இல்லை. நாங்கள் வண்டியை விட்டு இறங்குவதற்குள் கேட்டுவிடுவார்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூள் மூச்சில் போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பிறகுதான்.

நான் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். கார் நிறுத்தும் கொட்டகையின் கூரை என்றால் ஒரு நாள். வீட்டுக் கூடத்தின் உட்கூரை என்றால் மூன்று நாள்: பாலித்தீன் தாள் கட்டி அறையை அடைக்க ஒரு நாள், நனைத்து நனைத்துச் சுரண்ட ஒரு நாள், துடைத்துக் காற்றைச் சோதிக்க ஒரு நாள். நான்கு மாடி அலுவலகம் என்றால் மூன்று மாதம். அங்கே ஒவ்வொரு மாடியாக ஆட்களை இடம் மாற்ற வேண்டும். யார் ஜன்னலோரம் உட்காருவது என்ற சண்டை தீரவே இரண்டு வாரம் போய்விடும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் ஸ்டேஷனுக்கு வந்த புகாரில் எனக்கு வேலை தெரியாது என்பதுபோல ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் சரி.

மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. குழந்தைகள் இல்லை. தங்கை மாதம் ஒருமுறை வருவாள். வாசலில் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டு, "அவர் காத்துக்கிட்டு இருக்கார்ணா" என்று கிளம்பிவிடுவாள். குறையாகச் சொல்லவில்லை. அவளுக்கும் வேலை, வீடு, பத்தாவது படிக்கும் மகள் என்று மூச்சுவிட நேரமில்லை.

ஒரு நாள் அவள் வீட்டில் மின்விசிறி மாட்ட வந்தவர் உட்கூரையில் துளை போட்டதும் சாம்பல் நிறத் தூள் கொட்டியது. உடனே எனக்குத்தான் போன் செய்தாள். "அண்ணா, இது அதுவா இருக்குமோ? பயமா இருக்கு." பெருக்காதே, கதவைச் சாத்து, முடிவு தெரியும்வரை மூன்று பேரும் என் வீட்டில் வந்து இருங்கள் என்றேன். யார் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

தூளைச் சோதனைக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்துவிட்டது. அந்த இரண்டு நாளில் என் வீடு வீடாகியிருந்தது. சாப்பாட்டு மேசை முழுக்கத் தங்கை மகளின், அதாவது என் மருமகளின், புத்தகங்கள். குளியலறையில் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, சுருதி சேராமல் பாடிக்கொண்டிருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் தங்கை அடுப்படியிலிருந்து, "சாப்டியாண்ணா?" என்றாள். கடிதத்தைத் தெருவிலேயே படித்துவிட்டிருந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை, வெறும் சுண்ணாம்புப் பூச்சு என்று போட்டிருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

"இருக்கா, இல்லையாண்ணா?"

"இருக்கு."

"எத்தனை நாள் ஆகும்?"

"மூணு நாள்" என்றேன். கணக்கில் பிசகு இல்லை. இருந்திருந்தால் மூன்று நாள்தான் ஆகியிருக்கும்.

வேலையை நானே எடுத்துக்கொண்டேன். தாள் கட்டினேன், எச்சரிக்கைப் பலகை வைத்தேன், காற்றை உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட்டேன். வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு தங்கையின் சோபாவில் உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டி நிரப்பினேன். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து ஒரு மரப்பலகையைச் சத்தம் கேட்கச் சுரண்டுவேன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் ஒரு நம்பிக்கை வேண்டுமே. மருமகளின் சீருடையை எடுக்க வந்த தங்கைக்கு முகமூடி மாட்டித்தான் உள்ளே விட்டேன். வெளியே வந்ததும் இரண்டு முறை குளிக்கவும் வைத்தேன். விதி என்றால் எல்லாருக்கும் விதிதான்.

மூன்றாம் நாள் அடுப்படிச் சுவரிலும் இருக்கிறது என்றேன். அப்புறம் குழாய்களைச் சுற்றி இருந்தது. அப்புறம் தரை ஓட்டுக்கு அடியில் இருந்த பசையில். இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது.

மாப்பிள்ளைக்குத்தான் உறுத்தியது. "ஏன் மச்சான், நாலு மாடி ஆபீஸையே மூணு மாசத்துல முடிச்சுக் குடுத்தீங்களாமே?"

"அது ஆபீஸ் மாப்பிள்ளை. அங்க எட்டு மணி நேரம் இருந்துட்டுப் போயிடுவாங்க. இது நீங்க குடியிருக்கற வீடு. அவசரப்படலாமா?"

தலையாட்டினார். ஆனால் எனக்குச் சொல்லாமல் வெளியிலிருந்து ஒரு பரிசோதகருக்குச் சொல்லி வைத்தார். தங்கை வாய்தவறி என்னிடம் சொல்லிவிட்டாள். ஒன்றும் இல்லை என்று அந்த ஆள் எழுதிக் கொடுத்தால், அன்று சாயங்காலமே மூட்டை முடிச்சைக் கட்டிவிடுவார்கள்.

ஆகவே எங்கள் கம்பெனி வேறொரு அலுவலகக் கட்டடத்தில் அகற்றிய கழிவில் இரண்டு மூட்டைகளை எடுத்து வந்தேன். உண்மையான சரக்கு. அதில் ஒரு பிடி அள்ளித் தங்கை வீட்டுக் கூடத்தில் தூவினேன். ஆளில்லாத வீடு, அடைத்த வீடு. யாருக்கும் கெடுதல் இல்லை. பரிசோதகர் முகம் வெளுத்துப்போய் வெளியே வந்தார். மாப்பிள்ளை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்க மச்சான், உங்களைப் போய் சந்தேகப்பட்டுட்டேன்" என்றார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்குப்போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

தூவியதைச் சுத்தம் செய்ய எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது. அந்த வேலையில் நீங்கள் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. பரிசோதகர் அதன்பின் மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு பிடி தூவினேன். பிறகு துடைத்தேன்.

மூட்டைகள் எங்கே இருந்தன என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். கம்பெனிக் கிடங்கில் வாராவாரம் எண்ணுவார்கள். வண்டி கம்பெனியுடையது. தங்கை வீட்டில் வைத்தால் பரிசோதகர் கண்ணில் படும். மிச்சம் இருந்தது என் வீடு. என் வீட்டில் அடியில் மூட்டை நுழையும் அளவுக்கு உயரமான கட்டில் ஒன்றுதான், மருமகள் படுத்த கட்டில். மூட்டைமேல் அச்சடித்திருந்த எச்சரிக்கை வாசகம் தெரியாதபடி பழைய போர்வையைச் சுற்றித் தள்ளி வைத்தேன். பழைய பஞ்சு என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

படிக்கும்போது அவள் ஒரு மூட்டையை வெளியே இழுத்து அதன்மேல் காலை நீட்டிக்கொள்வாள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. "மெத்துன்னு இருக்கு மாமா" என்றாள். அதற்குள் ஒரு மூலை கிழிந்திருந்தது. போர்வையை இன்னொரு சுற்று சுற்றினேன்.

தங்கை வேறு சலித்துக்கொண்டாள். "என்னண்ணா உன் வீடு, எவ்வளவு கூட்டினாலும் வெள்ளைத் தூசி வந்துக்கிட்டே இருக்கு."

ஈரத்துணியால் துடை என்று சொல்லியிருக்கலாம். தொழில் தெரிந்தவன் அதைத்தான் சொல்வான். சொன்னால் ஏன் என்று கேட்பாள். மறுநாள் அவளுக்கு ஒரு நல்ல துடைப்பம் வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்தாவது மாதம் அவள் கட்டிலை நகர்த்திப் பெருக்கப்போய், போர்வை விலகி, அச்சடித்த வாசகத்தைப் படித்துவிட்டாள். மகளின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். இப்போது அவர்கள் தங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அது சுத்தமான வீடு. அதற்கு நான் உத்தரவாதம்.

இப்போதைக்கு எதுவும் தெரியாது என்கிறார் மருத்துவர். இருபது முப்பது வருடம் கழித்துத்தான் தெரியுமாம். அதுவரை நான்கு பேரும் வருடா வருடம் நுரையீரலைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தங்கை என்னிடம் பேசுவதில்லை. கூடப் பிறந்தவளுக்குக் கோபம் எத்தனை நாளைக்கு இருக்கும்? மருத்துவமனையில் நாங்கள் ஒரே குடும்பம் என்று நான்கு பேருக்கும் ஒரே தேதி கொடுத்திருக்கிறார்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு மட்டும் என்னைச் சிறையிலிருந்து காலையிலேயே கூட்டிப் போய்விடுங்கள். அங்கே கூட்டமாக இருக்கும். நான் முன்னதாகப் போனால்தான் நான்கு நாற்காலி சேர்ந்தாற்போலப் பிடித்து வைக்க முடியும்.