அழிக்கப்பட்ட பென்சில் வரி

மேடையில் மூன்று பேர்: நிர்வாக அதிகாரி ஐயா, மேட்ரன் அம்மா, செவிலியர் சங்கத் தலைவி. நான்காவது நாற்காலி டாக்டருக்குப் போட்டது, காலியாக இருக்கிறது. கீழே முப்பத்தாறு செவிலியர்கள், ஏழு துப்புரவுப் பணியாளர்கள், என் அத்தான், அக்கா மகள். கடைசி வரிசையில், ஓட்டுநரின் மனைவி; அக்கா மேல் வழக்குப் போட்டவர். என் அக்காவின் இரங்கல் கூட்டத்துக்கு வந்த அனைவருக்கும் வணக்கம். நாளைக்கு யாரும் "நான் அங்கே இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது என்றுதான் தலைகளை எண்ணிச் சொன்னேன்.

நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவள். சாமி கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். பொய் சொல்ல மாட்டேன்.

முன்னால் பேசியவர்கள் அக்காவை இந்த மருத்துவமனையின் தூண் என்றார்கள். இருபத்திரண்டு ஆண்டு வார்டில் நின்றவள், தூண்தான். அந்தத் தூண் மேல் பழி விழுந்த அன்று இந்தக் கூரை எங்கே போயிருந்தது?

டாக்டர் தன் சொந்த கிளினிக்கில் இருந்துகொண்டு போன் செய்வார். "சிஸ்டர், அந்த ஊசியப் போட்டுடுங்க, சாயங்காலம் வந்து எழுதிடறேன்." அந்த உத்தரவைச் செவிலியர் பென்சிலில் எழுதுவார். டாக்டர் வந்து அதன் மேல் பேனாவால் எழுதுவார். டாக்டர் கையெழுத்தில்லாமல் ஊசி போடக் கூடாது என்பது விதி. அந்தப் பென்சில்களை வாங்கி வைத்தது யார்? மேட்ரன் அம்மாதான்.

அக்காவின் வார்டில் படுத்திருந்த அந்த ஓட்டுநருக்கு, அக்கா அப்படிப் போட்ட ஊசி ஒத்துக்கொள்ளவில்லை. நின்ற மூச்சை மார்பை அழுத்தித் திருப்பியவள் என் அக்கா. அவர் பேச்சு மட்டும் திரும்பவில்லை. கேஸ் ஷீட் நீதிமன்றத்துக்குப் போனபோது அதில் டாக்டரின் பேனா எழுத்தும் இல்லை, பென்சில் வரியும் இல்லை. "கொடுத்தேன்" என்று அக்கா பேனாவில் போட்ட கையெழுத்து மட்டும் இருந்தது.

வேலையில் வழக்கு வந்தால் கைகொடுக்கும் காப்பீட்டுப் பாலிசியைத் தனியாக எடு என்று அவளிடம் மூன்று வருடம் சொன்னேன். மேட்ரன் அம்மா என்ன சொல்லி வைத்திருந்தார்? "தனியா பாலிசி எடுக்கிறவ, தப்பு பண்ணப் போறேன்னு முன்னாடியே ஒத்துக்கறவ."

"குடை எடுத்துட்டுப் போறவதான் மழையைக் கூப்பிட்டாளாக்கா?" என்றேன்.

"போடி, இத்தனை வருஷம் உழைச்சிருக்கேன், விட்டுடுவாங்களா?" என்று சிரித்தாள்.

விட்டுவிட்டீர்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாத நான், மருத்துவமனைக்கு நீங்கள் எடுத்த பாலிசியை அகராதி வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். செவிலியர் என்ற சொல் ஒரே இடத்தில் வருகிறது: விதியை மீறிய செவிலியருக்குப் பொறுப்பில்லை. உங்கள் வக்கீல், தான் மருத்துவமனைக்கு மட்டுமே பேசுவேன் என்று நீதிமன்றத்தில் எழுந்து நின்று சொன்னார். அக்காவுக்கென்று பேச யார் இருந்தார்கள்? பதினான்கு மாதம் தனியாக நின்றாள். பிறகு அவள் இதயமும் நின்றது. இப்போது கோர்ட் நோட்டீஸ் அத்தான் பெயருக்கு வந்திருக்கிறது.

இந்த அறையில் என் கையைப் பிடித்து அழுதவர் ஓட்டுநரின் மனைவி ஒருவர்தான். "அவருக்கு உயிர் குடுத்ததே உங்கக்காதாம்மா. பேப்பர்ல அவங்க கையெழுத்து மட்டும்தான் இருந்துச்சு, நான் வேற யார் மேல போடுவேன்?" என்றார்.

செவிலியர்களே, வாசல் மேசையில் முப்பத்தாறு பாலிசிப் படிவங்கள் வைத்திருக்கிறேன். நிரப்பத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள். உட்கார்ந்து நிரப்பித் தருகிறேன். அக்காவுக்கு நான் செய்யும் அஞ்சலி இதுதான். பூமாலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

நிர்வாக அதிகாரி ஐயா, அடுத்த வியாழக்கிழமை விசாரணை. அந்தப் பென்சில் வரி இருந்ததா, இல்லையா? புதன்கிழமைக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்.