ஒன்பது நாள் வேலை

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, தம்பி. முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் இருப்பதில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இடுப்பு விண்ணென்று தெறிக்கும். யாரும் வராத வீட்டுக்குப் புது நாற்காலி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

நெட்டைக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பிறகு எங்கள் பிரிவுக்குத் தலைவன் அவன். நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் என் அறைக்குள் அவன் வந்த நாளே கிடையாது. வெளியே போகிற கம்பைலர் எதுவானாலும் அவன் கையெழுத்து இருக்கும். அதனால் அவனைப் பிடித்தீர்கள். இன்றோடு பதினொரு நாள் ஆகிறது.

மனிதர்கள் எழுதுகிற புரோகிராமை இயந்திரத்துக்குப் புரிகிற மொழியில் மாற்றித் தருவதுதான் கம்பைலர். அதில் என் பகுதி சின்னது. புரோகிராம் எழுதுகிறவர்கள் பயந்தாங்கொள்ளிகள். அளவு மீறுகிறதா பார், மீறுகிறதா பார் என்று அடிக்கு ஒரு சோதனையை எழுதிவைப்பார்கள். அவற்றில் எது வேண்டாதது என்று நிரூபித்து, நீக்கி, வேகத்தைக் கூட்டுவது என் பகுதியின் வேலை. முப்பத்தொரு வருடம் அதைத்தான் செய்தேன். "அக்கா வேணாம்னு தூக்கினா அது வேணாந்தான். சாமியே வந்தாலும் திருப்பி வைக்க முடியாது" என்று நெட்டை எல்லோரிடமும் சொல்வான்.

ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் போன் பண்ணுகிறோம் என்றார்கள். மகள் மட்டும் ஞாயிற்றுக்கிழமை பண்ணுவாள்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"சரி, வெச்சிடட்டா?"

"வெச்சிடு."

நாற்பது வினாடி. நான் அளந்து பார்த்திருக்கிறேன். நல்ல பெண். போட்டேன் என்றால் போட்டேன் என்று நம்புகிறவள்.

நான்காவது மாதம் நெட்டை கூப்பிட்டான். "அக்கா, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. மூணு வாரமா மண்டையை உடைச்சிக்கிறோம். உங்க பகுதியைத் தொட்டா எங்களுக்குக் கை நடுங்குது." போனேன். தேநீர் கொண்டுவருகிற அம்மாள், "ஏம்மா இப்படி இளைச்சுப் போயிட்டீங்க, வீட்டுல எலியா இருக்கு, உங்க சோத்தைத் திங்க?" என்றாள். என்னைப் பார்த்து ஒருவர் சிரித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பிழை நான் எப்போதோ கவனக்குறைவாகச் செய்தது. அரை நாளில் சரி செய்தேன்.

கிளம்பும்போது நெட்டை, "அக்கா, நீங்க தெய்வம். இனிமே உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டோம்" என்றான். நல்லதாகத்தான் சொன்னான். பேருந்தில் வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த முறை ஏதோ சில்லறைச் சந்தேகத்துக்குக் கூப்பிட்டார்கள். அன்றுதான் வைத்தேன். பன்னிரண்டு நாள் ஓயாமல் ஓடிய இயந்திரத்துக்கு மட்டும் தேவைப்படுகிற சோதனை ஒன்று உண்டு. அதையும் வேண்டாதது என்று கம்பைலர் நீக்கிவிடும்படி செய்தேன். சோதனைக்கூடத்தில் எதையும் யாரும் பன்னிரண்டு நாள் ஓடவிட்டுப் பார்ப்பதில்லை.

நெட்டை எப்படிக் கவனிக்கவில்லை என்று கேட்கிறீர்கள். கம்பைலரும் ஒரு புரோகிராம்தானே. புதிய கம்பைலரைச் செய்து தருவது பழைய கம்பைலர். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அது மாதிரி. நான் அந்தக் கரண்டியில் வைத்தேன். எழுதிவைத்திருப்பதை நூறு தரம் படித்தாலும் அங்கே எதுவும் இருக்காது. எங்கள் ஆட்கள் எழுத்தைப் படிப்பார்கள். கருவியைச் சந்தேகிக்க மாட்டார்கள். சந்தேகப்பட வேண்டாம் என்று அவர்களுக்குச் சொன்னவள் நான்தான்.

எங்கோ ஒரு கிடங்கில் எண் தப்பும், யாராவது திட்டுவார்கள், நெட்டை கூப்பிடுவான் என்றுதான் நினைத்தேன். நோயாளிக்கு மருந்தைச் சொட்டுச்சொட்டாக ஏற்றுகிற பெட்டி செய்கிறவர்களும் எங்கள் கம்பைலரை வாங்கியிருந்தார்கள். அந்தப் பெட்டியில் அளவு மீறினால் நிறுத்தச் சொல்கிற சோதனைதான் போய்விட்டது.

"அக்கா, ரெண்டு பேரு செத்துட்டாங்க அக்கா" என்றான் நெட்டை. "பெட்டி செஞ்சவங்க எங்க மேல கை காட்டறாங்க."

"பதறாதே. வரேன்" என்றேன். தலை சீவிக்கொண்டு கிளம்பினேன்.

நான் உட்கார்ந்திருந்த பழைய நாற்காலியைக் கிடங்கிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருந்தார்கள். அந்த அறையில் எட்டுப் பேர். மதியம் எல்லோரும் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு வாய் என் தட்டில் வைப்பார்கள். "அக்கா கண்ணாடியைக் கழட்டட்டும், பிழை தானா பயந்து வெளிய வரும்" என்று ஒருத்தி சொல்ல, அத்தனை கவலையிலும் எல்லோரும் சிரித்தார்கள். "நீங்க வந்தப்புறம்தான் அக்கா எனக்கு மூச்சே வருது" என்றான் நெட்டை.

ஒன்பது நாள் வேலை செய்தோம்.

காரணம் தெரியாமல் எல்லா மருத்துவமனையிலும் பெட்டிகளை நிறுத்த முடியாது. நிறுத்தினாலும் நோயாளிகள் சாவார்கள் என்றார்கள். ஓட ஆரம்பித்த பதினோராம் நாள் பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் போதும். இந்த ஒரு வாக்கியத்தை முதல் மணி நேரத்திலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஆராய்ச்சி என்றால் ஒழுங்காக, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வர வேண்டும். அவர்களுக்கும் அது நல்ல பயிற்சி.

ஆறாம் நாள் மூன்றாவது ஆள் போனாள். பள்ளி ஆசிரியை, முப்பத்துநான்கு வயது. தேநீர் அம்மாள் அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அன்றும் எல்லோருடனும் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் கண்டுபிடித்தேன். கைதட்டினார்கள். நெட்டை பாதியாக மடிந்து என் தோளில் சாய்ந்து அழுதான். யாரோ வேண்டுமென்றே வைத்தது என்று தெரிந்ததும் நீங்கள் வந்தீர்கள்; கையெழுத்தைப் பார்த்தீர்கள்.

நானாகத்தான் இங்கே வந்தேன். எனக்கும் மனசாட்சி உண்டு. அவன் உள்ளே இருந்தால் போன் செய்ய ஆள் இல்லை என்பதற்காக வரவில்லை. தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இங்கேயா?

என்ன சொன்னீர்கள்? "இத்தோட ஆச்சும்மா. இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்." நீங்களும் நல்லதாகத்தான் சொல்கிறீர்கள், தம்பி.

பேனாவை வைத்துவிடுகிறேன். இன்னொன்று இருக்கிறது. மருந்துப் பெட்டியில் இல்லை, வேறோர் இடத்தில். அது எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. எழுந்து நிற்க வேண்டாம், உட்காருங்கள். நிச்சயம் சொல்கிறேன். இன்று களைப்பாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை.

நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள்?