அபிக்கு மஞ்சகாமாலை

பாக்யலட்சுமி: …அப்புறம் அந்த நிர்மலாதேவி மிஸ்ஸு ஒரு வார்த்த சொன்னாங்கய்யா. நம்ம அபிக்கு டிப்ரஷனா இருக்கலாமாம்.

கலைச்செல்வன்: டிப்ரஷனா? காலைல படக எறக்கறப்பக்கூட கடல் சும்மாதானே கெடந்துது. புயல் கூண்டு எதுவும் ஏத்தலியே.

பாக்யலட்சுமி: யோவ், கடலுக்கு இல்ல. உன் பொண்ணுக்கு! பத்தாவது படிக்கிற புள்ள மூணு வாரமா சொவத்தப் பாத்து படுத்துக்கினு இருக்குதே, அதுக்கு.

கலைச்செல்வன்: அடப் போடி. மூணு வேளை சோறு, தலைக்கு மேல ஃபேனு. இதுல சோகம் எங்கருந்து வரும்?

பாக்யலட்சுமி: அதான் நானும் சொன்னேன். எங்க வூட்டு வழியில யாருக்கும் கெடயாதுன்னு.

கலைச்செல்வன்: அப்ப எங்க வழியிலயா? எங்க ஆளுங்களுக்கு யோசிக்கவே நேரமில்ல, இதுல…

பாக்யலட்சுமி: செல்போன புடுங்கி வெச்சா சரியாயிடும்னியே, ஆச்சா?

கலைச்செல்வன்: வெச்சேன். திருப்பிக் கேக்கவே இல்ல.

பாக்யலட்சுமி: அதான்யா எனக்கு பயமா இருக்குது.

கலைச்செல்வன்: …சரி, தெருவுல இன்னா சொல்லி வெச்சிருக்க?

பாக்யலட்சுமி: மஞ்சகாமாலைன்னு.

கலைச்செல்வன்: நல்லது. கௌரவமான நோவு.

பாக்யலட்சுமி: இன்னா நல்லது? பக்கத்து வூட்டு கொளஞ்சி அக்கா தெனம் கீழாநெல்லி அரைச்சிக் கொண்டாருது. அதையும் ஒரு வாரமா குடிச்சி வெக்கிது புள்ள.

கலைச்செல்வன்: வேணாம்னு சொல்றதுதானே?

பாக்யலட்சுமி: எதையுமே வேணாம்னு சொல்லமாட்டேங்குதே…

கலைச்செல்வன்: பேசாம திங்கக்கெழமை ஸ்கூலுக்கு அனுப்பிடு.

பாக்யலட்சுமி: வெரட்டாதய்யா. கொஞ்சம் கொஞ்சமாத்தான் அனுப்பணுமாம்.

கலைச்செல்வன்: அதுவும் சரிதான். மொதல்ல தூக்கம் சரியாவணும், அப்புறம் பசி. அந்தம்மா சொல்லுவாங்களே…

பாக்யலட்சுமி: எந்தம்மா?

கலைச்செல்வன்: அது… டிவியில. ஒரு டாக்டரம்மா.

பாக்யலட்சுமி: …கண்ணாடிய கயிறு கட்டி கழுத்துல தொங்க வுட்டிருப்பாங்களா?

கலைச்செல்வன்: ஆமா, பேசறப்ப பேனாவ தட்டிக்கினே… உனக்கு எப்படித் தெரியும்?

பாக்யலட்சுமி: நானும் அதே டிவிதான் பாக்குறேன். மூலக்குளம் கிளினிக்குல.

கலைச்செல்வன்: அடிப்பாவி! செவ்வாக்கெழமை கோயிலுக்குக் கூட்டிக்கினு போறேன்னியே…

பாக்யலட்சுமி: நீ மட்டும்? வாசல்லயே கடல வெச்சிக்கினு, வெள்ளிக்கெழமை பீச்சு காத்து வாங்கன்னு கூட்டிக்கினு போனியே!

அபி: அம்மா…

பாக்யலட்சுமி: அபி! எழுந்துட்டியா கண்ணு? நாங்க சும்மா…

அபி: அடுத்த வாட்டி ரெண்டு பேரையும் ஒண்ணா வரச் சொன்னாங்க.

கலைச்செல்வன்: அப்ப… நாங்க தனித்தனியா வர்றது அவங்களுக்குத் தெரியுமா?

அபி: தெரியும். நான்தான் சொல்லவேணாம்னு கேட்டுக்கினேன். அப்பாவுக்குத் தெரிஞ்சா ஒடஞ்சி பூடும்னு அம்மா சொல்லிச்சு. அம்மா தாங்காதுன்னு நீ சொன்ன.

கலைச்செல்வன்: …வேற இன்னாம்மா சொன்ன அவங்ககிட்ட?

அபி: எது ரொம்ப அசதியா இருக்குதுன்னு கேட்டாங்க. ஸ்கூலா, படிப்பான்னு… அதெல்லாம் இல்ல டாக்டர், வூட்டுக்கு வந்து இவங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாம பாத்துக்கறதுதான்னு சொன்னேன்.