கடைசித் தங்கக்கட்டி

குழந்தை வேண்டுமென்றே தோற்றால் தாய் என்ன செய்ய வேண்டும்? ஐந்தருவிப் பேருந்தில் ஒரு பேச்சைக் கேட்டதிலிருந்து எனக்கு இதே கேள்விதான்.

சாரலுக்காக ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். என் மகன் மடியில் தூங்கினான். முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் கணவர் துபாயிலிருந்து விடுப்பில் வந்திருக்கிறார். டிவியில் மாட்டி ஆடும் புதையல் விளையாட்டு ஒன்றும் கொண்டுவந்திருக்கிறார். மூத்தவர் அந்தக் கணவரின் அக்கா.

"மதினி, எம்மவ தங்கத்துக்குப் பக்கத்துல போயி, தானாவே குழியில விழுதா."

"தாண்டத் தெரியாம விழுந்திருப்பா."

"பாம்பு, தேளு எல்லாத்தையும் தாண்டுதா. கடைசித் தங்கக்கட்டிகிட்ட மட்டும்தான் விழுதா. அது மினுங்குததப் பாத்தா எனக்கே கை பரபரங்குது."

"எந்தம்பி கோலிக்குண்டுல தோத்தாலே வீட்ட ரெண்டாக்குவான். அவன் மவ வேணும்னே தோக்குதாளா? ஏம்ட்டீ?"

"புதையல் பூரா எடுத்துட்டுத்தான் துபாய்க்குப் போவேன்னு அவுக வெளையாட்டாச் சொல்லிட்டாவ. அதப் புடிச்சுக்கிட்டா."

 மதினி அவள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. 'திரும்பவும் விழுந்துட்டியா'ன்னு சிரிக்காவ. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்தாச்சு மதினி. சொன்னா அவுக ஒடஞ்சிருவாவ. சொல்லாட்டா, அப்பா ஏமாத்திட்டாவன்னு இவ நெனப்பா."

அருவி வந்துவிட்டது. இருவரும் எனக்கு முன்னால் இறங்கிப் போய்விட்டார்கள்.

என் கணவரும் ஆடி முடிந்ததும் மஸ்கட் கிளம்புகிறார். மகனிடம் இன்னும் சொல்லவில்லை. அனுபவமுள்ள தாய்மார்களே, இதை எப்போது, எப்படிச் சொன்னீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.